வீதிக்கு வராத தேர்

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய தெருக்களில் மோட்டார் திருத்தும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் மீன் ஏற்றும் சிறு லொறிகளும் அங்கே உயிர் பெற்றுச் செல்கின்றன. அப்பட்டறைகளில் வேலை பழகும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெராரி, லம்போகினி, அஸ்டன் மார்ட்டின் என்னும் பெயர்கள் இராகுகாலம் எமகண்டம் போல மனப்பாடமாக வருகின்றன. எந்தக் காருக்கு எத்தனை குதிரைவலு, எத்தனை கார்களே உலகில் உள்ளன என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவற்றுள் ஒன்றையேனும் நேரிற் கண்டவர் அவர்களுள் அரிது. காணாத பொருளை இத்துணை நேசிப்பது எங்ஙனம் என்ற கேள்வியை நம் விமர்சகர்கள் எழுப்பியதில்லை. சினிமாவையும் தொடர்கதையையும் ஆராயப் புகுந்த நாம், இளைஞரின் கனவை ஆட்கொண்டுள்ள இந்த இயந்திரத்தை மட்டும் 'பணக்காரன் விளையாட்டுப் பொருள்' என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிட்டுச் செல்கிறோம். ஒற்றை வரியில் ஒதுக்குவது விமர்சனமாகாது. விளையாட்டுப் பொருளாயினும் அது செய்யப்பட்ட பொருள். செய்யப்பட்ட பொருள் எதுவும் செய்தவரைப் பற்றியும் வைத்திருப்பவரைப் பற்றியும் சாட்சி சொல்லும்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேகமான கார்கள் அனைத்தையும் அன்று. அவற்றுள்ளும் ஓர் உட்பிரிவு தோன்றியிருக்கிறது. அது பொது வீதியில் ஓட அனுமதி பெறாதது. ஓடுகளத்தில் மட்டுமே ஓடக்கூடியது. எண்ணி எடுத்து இருபது முப்பது பேருக்கே செய்யப்படுவது. 2005-இல் பெராரி நிறுவனம் எஃப்.எக்ஸ்.எக்ஸ். என்ற காரை வெளியிட்டது. 6.3 லீற்றர் இயந்திரம், 800 குதிரைவலு. இருபத்தொன்பது பேருக்கு விற்று, முப்பதாவதை ஓட்ட வீரர் ஷுமாக்கருக்கு அளித்தனர். பணம் இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவர் யாரென்பதை நிறுவனமே தெரிவு செய்தது. வாங்கிய கார் பெரும்பாலும் தொழிற்சாலையின் பராமரிப்பிலேயே இருந்தது. நிறுவனம் ஏற்பாடு செய்த நாட்களில் உரிமையாளர் விமானம் ஏறிவந்து ஓட்டிச் சென்றார். ஓட்டும்போது திரட்டப்பட்ட தகவல்களை நிறுவனம் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. பெருந்தொகை செலுத்திப் பரிசோதனை ஓட்டுநராக வேலை பார்க்கும் ஒரு வர்க்கத்தை உலகம் அதற்கு முன் கண்டிருக்குமோ என்பது ஐயமே!

2015-இல் ஜெனீவாக் கண்காட்சியில் அஸ்டன் மார்ட்டின் நிறுவனம் 'வல்கன்' என்பதை வைத்தது. ஏழு லீற்றர், பன்னிரண்டு உருளைகள், 24 கார்கள். 800-க்கு மேற்பட்ட குதிரைவலுவை உரிமையாளர் உடனே ஆளமாட்டார் என்பதை அறிந்து, வலுவை மூன்று படியாகக் குறைத்தும் கூட்டியும் வைக்கும் திருகு ஒன்றையும் பொருத்தினர். வாங்கியவர் தாம் வாங்கியதைப் பயன்படுத்தத் தகுதியற்றவர் என்பதைப் பொருளே ஒப்புக்கொள்ளும் விந்தை இது. 2020-இல் லம்போகினி 'எசென்சா' என்ற காரை நாற்பது எண்ணிக்கையில் அறிவித்தது. இவற்றுக்கென இத்தாலியில் தொழிற்சாலை இருக்கும் ஊரிலேயே தனிக் கொட்டகை கட்டி, ஒவ்வொரு காரின் முன்னும் ஒளிப்படக் கருவி பொருத்தி, உரிமையாளர் உலகின் எம்மூலையிலிருந்தும் இருபத்துநான்கு மணிநேரமும் தம் காரைக் கைத்தொலைபேசியிற் பார்த்துக்கொள்ள வசதி செய்தனர்.

இந்தக் கடைசிச் செய்தியில் சற்று நிற்க வேண்டும். நம் பட்டறை இளைஞன் அக்காரைக் காண்பதும் கைத்தொலைபேசியில்தான். அதன் உரிமையாளர் பெரும்பாலான நாட்களிற் காண்பதும் கைத்தொலைபேசியில்தான். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒருவர் பணம் செலுத்தியிருக்கிறார் என்பதே. உடைமை என்பது பயனிலிருந்து எத்துணை தூரம் விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரத்தை எந்தப் பொருளியல் நூலும் தந்துவிட முடியாது. ஒரு பொருளின் பயன்மதிப்பு முற்றிலும் உலர்ந்துபோய், 'என்னிடம் உண்டு, உன்னிடம் இல்லை' என்னும் சக்கை மட்டும் எஞ்சி நிற்கிறது. வல்கன்களுள் ஒன்றைப் பின்னர் பெருஞ்செலவில் இங்கிலாந்தில் வீதிக்கேற்றவாறு மாற்றியமைத்தார்கள். அந்த உரிமையாளர்மீது நமக்குச் சிறிது மரியாதைகூடத் தோன்றுகிறது. அவருக்கேனும் கார் ஓட்டுவதற்கானது என்பது நினைவிருந்தது.

இக்கார்களுக்காக வாதிடுவோர் வழக்கமாக ஒரு நியாயம் கூறுவர்: ஓடுகளம் என்பது சோதனைச்சாலை, அங்கே பிறப்பது பின்னர் சாமானியனின் வாகனத்துக்கு இறங்கிவரும் என்பர். இது முழுப் பொய்யன்று. 1953-இல் லெமான்ஸ் ஓட்டத்தில் ஜாகுவார் கார்கள் வட்டுத் தடைகளைக் கொண்டு வென்றன. இன்று அவ்வகைத் தடை நம்மூர் மோட்டார் சைக்கிளிலும் உண்டு. ஆனால் லெமான்ஸ் ஒரு போட்டி. அதற்கு விதிகள் உண்டு; எதிராளி உண்டு; தோல்வி உண்டு. நாம் பேசும் கார்களோ போட்டிக்கும் உரியவையல்ல. போட்டி விதிக்குள் அடங்காதவை. வீதி விதிக்குள்ளும் அடங்காதவை. இரண்டு கட்டுப்பாடுகளிலிருந்தும் விடுபட்டமையே அவற்றின் பெருமையாகப் பேசப்படுகிறது. தளையிலிருந்து விடுபட்ட கவிதையெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை என்பது இவ்விதழின் வாசகர் அறிந்ததே. கட்டுப்பாடு நீங்கிய இடத்தில் உள்ளடக்கம் ஒன்று வேண்டும். இங்கே உள்ளடக்கம் எண்ணிக்கைதான். முப்பது, இருபத்துநான்கு, நாற்பது. இயந்திர உற்பத்தியின் முதற் சிறப்பு, ஒன்றைப்போல் ஓராயிரம் செய்து எல்லோர் கைக்கும் எட்டச் செய்வது. அந்த ஆற்றலையே முறித்து, இயந்திரத்தைக்கொண்டு அருமையை உற்பத்தி செய்கிறார்கள்.

எனினும் அழகு இல்லையா? இருக்கிறது. மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர். காற்றைக் கிழிப்பதற்காகவே வளைந்த உடல், பயனற்ற ஒரு கோடும் இல்லாத உறுப்பமைதி, இவை நல்ல சிற்பியின் கையை நினைவூட்டுவன. 1909-இல் இத்தாலியக் கவிஞர் மரினெற்றி, ஓட்டக் காரைப் பழங்கிரேக்க வெற்றித் தெய்வத்தின் சிலைக்கும் மேலாக வைத்துத் தம் எதிர்காலவாதக் கொள்கையை அறிவித்தார். அந்த வேக வழிபாடு சென்றடைந்த இடம் நாமறிந்ததே: போர் போற்றப்பட்டது, 1919-இல் அவர் முசோலினியுடன் கைகோத்தார். அதனால் வேகத்தைப் பாடுவது பாசிசம் என்று முடிவுகட்டுவாரும் உளர். அவர்கள் மாயக்கோவ்ஸ்கியை மறந்துவிடுகிறார்கள். உருசியாவின் எதிர்காலவாதிகளும் வேகத்தையும் ஆலையையும் பாடினர். அவர்களுட் பலர் புரட்சியின் பக்கம் நின்றனர். வேகத்துக்குத் தனக்கெனக் கட்சி கிடையாது. அது யாருக்காக, எவர் முதுகில் ஏறி ஓடுகிறது என்பதிலேயே அதன் பக்கம் தெரியும். நம் பாரதியும் தொழிலையும் இயந்திரத்தையும் கண்டு அஞ்சியவனல்லன்.

ஓடுகளத்துக்கு மட்டுமே உரிய வாகனம் தமிழனுக்குப் புதிதன்று என்பதையும் நினைவிற் கொள்ளலாம். கோயில் தேர் வேறென்ன? அதற்கும் நான்கு வீதிகளே உலகம். அதுவும் எண்ணிச் செய்யப்படுவது. ஆண்டில் ஒருநாள் ஓடுவது. மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்பது. திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 300 தொன் நிறையுடையது என்பர். திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரமும் தடையும் அமைத்துக் கொடுத்தனர். ஆனால் ஒரு பெரும் வேற்றுமை: தேர் தானாக ஓடாது. ஆயிரம் கை வடம் பிடித்தாலன்றி அசையாது. ஊரார் உழைப்பே அதன் குதிரைவலு. ஆகையினால் தேர் பொதுவுடைமையின் சின்னம் என்று பாடப் புகுவோமாயின், அதுவும் பொய்யாகும். வடத்தை யார் தொடலாம் என்பதே நெடுங்காலம் சாதியின் கேள்வியாக இருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் தாழ்த்தப்பட்ட மக்களின் வடம்பிடிக்கும் உரிமை 1990-களின் இறுதியிலிருந்து நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிற்று. தேர் ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிற்று. யாழ்ப்பாணத்தில் 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே நடந்த போராட்டம் நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம்முடைய தேரும் 'தெரிவு செய்யப்பட்டவர்'களுக்கே என்று நின்ற காலம் உண்டு. எசென்சாவின் கொட்டகையைப் பார்த்து நகைக்கும்போது இந்நினைவும் நமக்கு இருத்தல் நன்று.

இலங்கையில் கார் ஓட்டப் போட்டி வெள்ளையர் காலத்துச் சரக்கு. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934-இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்தை ஊடறுத்துச் செல்லும் பாதையில், துரைமார் தம் கார்களின் வலுவைச் சோதித்தனர். அத்தோட்டத்தின் உழைப்பாளிகள் எத்துணை வேகமாகக் கொழுந்து கிள்ள வேண்டும் என்பதற்கும் அவர்களிடம் கணக்கு இருந்தது. துரைமார் போயினர், ஓட்டம் நின்றது, கைமாறியது. 2024 ஏப்ரல் 21-ஆந் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர்; அவர்களுள் ஒரு சிறுமியும் உண்டு.  களத்தினுள் இருப்பவனுக்கு உருக்குக் கூண்டும் தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் உள. களத்தின் விளிம்பில் நிற்பவனுக்கு வெறுங்கையே காப்பு.

திருகோணமலையைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். வேகத்தின் உணவு எண்ணெய். அவ்வெண்ணெயின் வரலாறு நம் வாசலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சீனன்குடாக் காட்டினுள் பிரித்தானியர் தம் கடற்படைக்கெனப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எழுப்பிய தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9-இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது ஒன்று எரிந்தது. இன்று எண்ணப்படுவன 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. 1957-இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துச் சென்றபின், இவற்றுட் பெரும்பாலானவை மரமும் கொடியும் மூடிக் கிடந்தன. 2022 சனவரியில் செய்த ஒப்பந்தத்தின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 நம் நாட்டுப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் என்று பங்கிடப்பட்டன.

அதே 2022-இல் நடந்ததை நாம் மறக்கலாகாது. அந்நியச் செலாவணி வற்றிய நாட்டில் எரிபொருள் தீர்ந்தது. சூன் இறுதியில் அத்தியாவசிய சேவை அல்லாதோருக்கு விற்பனையே நிறுத்தப்பட்டது. வரிசையில் நின்றவாறே உயிர்விட்ட முதியவர்கள் உண்டு. சூலையில் பங்கீடு வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று விதித்தனர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. இது அடுப்பை மட்டும் அணைத்த விலையன்று. கரையோரச் சிறு படகுகளின் இயந்திரங்களையும் அணைத்த விலை. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் படகை மணலில் ஏற்றிவிட்டுக் கடலைப் பார்த்திருந்தவனுக்குப் பின்னால், ஆசியாவின் மிகப் பெரிய எண்ணெய்த் தாங்கித் தொகுதிகளுள் ஒன்று காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர்முலா ஒன்று ஓட்டத்தில் 2019 முதல் 2025 வரை ஒரு போட்டிக்கு ஒரு காருக்கு 110 கிலோகிராம் எரிபொருள் வரை அனுமதி. ஏறத்தாழ 145 லீற்றர் எனலாம். 305 கிலோமீற்றரை ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் ஓடிமுடிக்க அது செலவாகிறது. 2022 சூலைப் பங்கீட்டின்படி நம் முச்சக்கர வண்டிக்காரனுக்கு அது இருபத்தொன்பது வார எரிபொருள். அங்கே ஓடாதிருந்தால் அந்த எண்ணெய் இங்கே வந்திருக்குமா என்று கேட்பவர் பொருளியல் அறியாதவர், வந்திராது. நம் பஞ்சத்துக்குக் காரணம் ஓட்டக் காரன்று. கடனும், தவறான ஆட்சியும், உலகச் சந்தையில் நாம் நிற்கும் இடமும்தான். ஆயினும் அழகு எதை எரித்து ஒளிர்கிறது என்று கேட்கும் உரிமை எரிபொருளின்றி நின்றவனுக்கு உண்டு.

ஓடுகளத்துக்கு மட்டுமே உரிய, சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்ட கார் ஒன்று தமிழ்நாட்டிலும் பிறந்தது. அதன் கதையை நம் இளைஞர் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது. கோயம்புத்தூர் பஞ்சாலையும் வார்ப்பாலையும் நீர் இறைக்கும் பம்பும் வளர்த்த நகரம். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்ததாகப் பெயர் பெற்ற ஜி. டி. நாயுடு அங்கே வாழ்ந்தவர். 1952-இல் 2,000 ரூபாய்க்கு இருவர் அமரும் கார் ஒன்றை அவர் செய்து காட்டினார் என்றும், அரசின் உரிமம் கிட்டாமல் அது நின்றுபோயிற்று என்றும் கூறுவர். அந்நகரில் லட்சுமி ஆலைக் குடும்பத்திற் பிறந்தவர் கரிவரதன். சென்னைக்கு வடக்கே, உலகப்போர் விட்டுச்சென்ற சோழவரம் விமான ஓடுதளத்தில் அந்நாளில் ஓட்டப் போட்டிகள் நடந்துவந்தன. வெளிநாட்டுக் கார்களை விலைக்கு வாங்கிவந்து வென்ற செல்வர்கள் அங்கே இருந்தனர். விஜய் மல்லையா பழைய போர்முலா ஒன்று காரொன்றை இறக்குமதி செய்து ஓட்டியதும் அங்கேதான். பணம் உள்ளவன் வென்றான், இல்லாதவன் கைதட்டினான்.

கரிவரதன் வேறு வழியிற் சிந்தித்தார். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்திய நடுத்தரக் குடும்பத்தின் காராகிக் கொண்டிருந்தது. அதன் 796 கன சென்றிமீற்றர், மூன்று உருளை இயந்திரத்தையே எடுத்து, ஒற்றை இருக்கையும் திறந்த சக்கரங்களும் உடைய ஓட்டக் காரொன்றை அவர் அமைத்தார். 'போர்முலா மாருதி' என்ற பெயரில் 1988-இல் அது களத்துக்கு வந்தது. சாதாரண நிலையில் அவ்வியந்திரத்தின் வலு நாற்பது குதிரைக்கும் குறைவு. எஃப்.எக்ஸ்.எக்ஸ். காரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் எல்லோரும் ஒரே வகைக் காரில் ஓடியதால் வெற்றி பணப்பையை விட்டு ஓட்டுபவன் கையையும் கண்ணையும் வந்தடைந்தது. உதிரிப் பாகம் தெருமுனைக் கடையிற் கிடைத்தது. வலுவைக் கூட்டுவது மட்டுமே முன்னேற்றம் என்று எண்ணும் பொறியியலுக்கு இது நல்ல பதில். நரேன் கார்த்திகேயன் முதன்முதல் ஓட்டப் போட்டியில் இறங்கியது போர்முலா மாருதியிலேதான். 2005-இல் அவர் இந்தியாவின் முதற் போர்முலா ஒன்று வீரரானார். அவ்வாண்டு இந்தியானாபொலிஸ் நகரில் டயர்ச் சிக்கலால் ஆறே கார்கள் ஓடிய போட்டியில் நான்காவதாக வந்தார். கருண் சந்தோக்கும் போர்முலா மாருதியைக் கடந்தே 2010-இல் அவ்விடம் சென்றார்.

கரிவரதன் 1995 ஆகஸ்டில் விமான விபத்தொன்றில் மறைந்தார், வயது நாற்பத்தொன்று. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த ஓடுகளத்துக்கு அவர் பெயரை இட்டனர்.

நாம் அவரை மக்கள் வீரராக உயர்த்தப் புறப்படவில்லை. ஆலை முதலாளிக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்த ஓய்வும் உலோகமும் இயந்திரப் பட்டறையும் ஆலைத் தொழிலாளியின் மகனுக்குக் கிடைத்திருக்குமா? அவர் காரில் ஏறி உயர்ந்தோரும் வறியவர் வீட்டுப் பிள்ளைகளல்லர். நரேனின் தந்தை கார் ஓட்டப் போட்டிகளிற் பெயர் பெற்றவர். விலை குறைந்ததே தவிர வாசல் முழுவதும் திறந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி அரசே முன்நின்று நடத்திய இரவு ஓட்டத்தையும் நாம் இக்கண்கொண்டே பார்க்கிறோம். 2023 டிசம்பரில் நடக்கவிருந்த அவ்வோட்டம் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்தமையால் தள்ளிப்போனது. வடிகால் இல்லாத நகரத்தில் ஓடுகளத்துக்கு வழவழப்பான தார் இட்டது சரிதானா என்று அன்று பலர் கேட்டனர். கேட்டது நியாயமே. ஆனால் பொதுவீதியில் நடந்த அவ்வோட்டம், கொட்டகையில் பூட்டிய எசென்சாவைவிட ஒரு படி மேல் என்பதும் நம் கருத்து.

கரிவரதனின் காரைப் பற்றி நாம் படித்த குறிப்புகளில் வடிவமைத்தவர் பெயர் உண்டு; ஓட்டியவர் பெயர்கள் உண்டு; பொருளுதவி செய்த நிறுவனங்களின் பெயர்கள் தாராளமாக உண்டு. குழாயை வளைத்துச் சட்டம் கட்டியவன், பற்றவைத்தவன், மாருதியின் இயந்திரத்தைக் கழற்றி அந்தக் கூட்டினுள் பொருத்துவதற்கு இரவெல்லாம் அளவெடுத்தவன், இவர்களின் பெயர் ஒன்றும் நம் கண்ணிற் படவில்லை. 1988-இல் இருபது வயதாயிருந்த ஒரு பட்டறைப் பையனுக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்காது, தாண்டியிருந்தாலும் சிறிதே. கோயம்புத்தூரிலுள்ள நம் எழுத்தாளர் எவரேனும் பீளமேட்டுப் பக்கம் ஒருநாள் நடந்து, அவர்களைத் தேடி, சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்பினால், திருகோணமலைப் பட்டறைகளில் அதைப் படிக்க ஆளுண்டு.